படிப்பும் முதல் வேலையும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் என்று யாரிடம் வேலைவாய்ப்பு பற்றிப் பேசினாலும் இதே சந்தேகங்கள்தான் வந்து நிற்கின்றன. கேட்டவர்கள் கேட்ட பாணியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதல் மூன்றைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வரும் சில பதில்கள் பிடிபடாது. வரிசையாகப் படிப்பது நல்லது.

1. படிச்சா வேலை கிடைக்குமா, கிடைக்காதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கிடைக்கும். எப்போது என்பதில்தான் சிக்கல். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால், கூடுதலாகப் படித்தவர் வேலையில்லாமல் இருக்கும் காலம் பெரும்பாலான நாடுகளில் குறைவு. வேலை போனாலும் அவருக்கு இன்னொன்று சீக்கிரம் அமைகிறது.

படிப்பை முடித்து வெளியே வரும் முதல் சில வருடங்களை மட்டும் தனியாக எடுத்தால் கதை மாறும். சில நாடுகளில் அந்தக் கட்டத்தில் பட்டதாரிதான் அதிகம் திண்டாடுகிறார், சில நாடுகளில் பள்ளியைப் பாதியில் விட்டவர். கல்விக்கூடத்திலிருந்து வேலையிடத்துக்குப் போக அந்த நாட்டில் என்ன வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தே இது அமைகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வழியைப் பற்றியதுதான்.

2. வேலைக்குப் போகாத எல்லாரும் 'வேலையில்லாதவர்' கணக்குல வருவாங்களா?

வர மாட்டார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறையில் மூன்று நிபந்தனைகள் உண்டு. கையில் வேலை இருக்கக் கூடாது. கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடி ஏதாவது செய்திருக்க வேண்டும். கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் வேலையில்லாதவர். கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். இதைச் சொன்னதும் அரங்கில் சிரிப்பு எழும். ஆனால் எல்லா நாடுகளையும் ஒரே அளவுகோலில் வைக்க எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும்.

விகிதம் கணக்கிடும் முறையையும் பார்த்துவிடுங்கள். நூறு இளைஞர்களில் 50 பேர் படிக்கிறார்கள், 10 பேர் வீட்டில் இருக்கிறார்கள், வேலை தேடவில்லை. 32 பேர் வேலையில், 8 பேர் தேடுகிறார்கள். வேலையின்மை விகிதம் 8 சதவீதம் என்று தோன்றும். ஆனால் வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த 40 பேரை வைத்துத்தான் வகுக்க வேண்டும். எனவே விகிதம் 20 சதவீதம். அடுத்த வருடம் வேலையில் இருந்த பத்துப் பேர் மேற்படிப்புக்குப் போய்விட்டால் 22 பேர் வேலையில், அதே 8 பேர் தேடலில். விகிதம் 27-ஐ நெருங்கிவிடும். தேடுவோரில் ஒருவர்கூடக் கூடவில்லை, யாருக்கும் வேலை பறிபோகவும் இல்லை. இளைஞர் வேலையின்மை எகிறிவிட்டது என்று செய்தி வந்தால் முதலில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அளவுக்காகச் சொல்கிறேன்: 2023-இல் 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களின் உலக வேலையின்மை விகிதம் 13 சதவீதம், அதாவது 6 கோடியே 49 லட்சம் பேர். பெரியவர்களின் விகிதத்தைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல்.

3. படிக்கவும் இல்ல, வேலைக்கும் போகல, தேடவும் இல்ல. அந்த மாதிரிப் பிள்ளைங்க எந்தக் கணக்கு?

வேலையின்மைக் கணக்கில் அவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அதனால்தான் 1990-களின் இறுதியில் பிரிட்டனில் படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாதவர்களைத் தனியே எண்ண ஆரம்பித்தார்கள். இன்று ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் அதுவும் ஒரு குறியீடு. இந்தக் கணக்கில் உலக இளைஞர்களில் ஐந்தில் ஒருவர் விழுகிறார்.

ஆண், பெண் என்று பிரித்தால்தான் உண்மை தெரியும். 2023-இல் இளம் ஆண்களில் 13.1 சதவீதம், இளம் பெண்களில் 28.1 சதவீதம். திருமணமாகிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பட்டதாரிப் பெண் வேலை தேடாதவரை வேலையின்மை விகிதத்தில் எங்கேயும் தட்டுப்பட மாட்டார். பெண் கல்வி வேலையின்மையைக் குறைத்ததா என்று கேட்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் பேசினால் நான் அந்தப் பேச்சை நம்புவதில்லை.

4. கம்பெனிக்காரங்க ஏன் டிகிரி டிகிரின்னு கேக்குறாங்க? வேலைக்கும் படிச்சதுக்கும் சம்பந்தமே இல்லையே?

பொருளியலாளர்கள் இதற்கு மூன்று விளக்கம் வைத்திருக்கிறார்கள். கேரி பெக்கர் 1960-களில் சொன்னது: படிப்பு திறமையைக் கூட்டுகிறது, அதற்குத்தான் மதிப்பு. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் சொன்னது: படிப்பு ஒரு சமிக்ஞை. மூன்று நான்கு வருடம் தாக்குப்பிடித்துத் தேர்வெழுதித் தேறியவர் என்று முதலாளிக்கு அது காட்டுகிறது, பாடத்தில் என்ன இருந்தது என்பது இரண்டாம்பட்சம். இருபதாம் நூற்றாண்டின் பொருளியலில் இது எவ்வளவு முக்கியம் என்றால், 2001 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. லெஸ்டர் தரோ சொன்னது மூன்றாவது: வேலைகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். படிப்பு உங்கள் திறமையைக் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் வரிசையில் உங்கள் இடத்தை முன்னால் தள்ளுகிறது.

எது சரி என்பதை ஆள் எடுக்கும் மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரு இடத்துக்கு 400 விண்ணப்பம் வந்திருக்கிறது, தேர்வு செய்பவருக்கு இருப்பது ஒரு பிற்பகல். முதல் சுற்றில் அவர் யாருடைய ரெஸ்யூமேயையும் படிப்பதில்லை. கணினியில் 'குறைந்தபட்சம் பட்டம்' என்று ஒரு வடிகட்டி போடுகிறார், 150 ஆகிறது. மதிப்பெண்ணுக்கு ஒரு வடிகட்டி, 60 ஆகிறது. அதற்கப்புறம்தான் கண்ணால் பார்க்கிறார், ஒன்றுக்கு அரை நிமிடம். முதலில் வெளியேறிய 250 பேரில் இந்த வேலைக்குப் பொருத்தமானவர் இல்லவே இல்லை என்று அவரே சொல்ல மாட்டார். அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். முதல் வேலையில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் பார்ப்பதற்கு அனுபவம் என்று எதுவும் இல்லை. ஐந்து வருடம் வேலை பார்த்தவரிடம் பட்டத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

5. எழுதப் படிக்கத் தெரியாதவங்களை விட பட்டதாரிங்கதான் அதிகமா வேலையில்லாம இருக்காங்கன்னு செய்தியில பார்த்தேன். அப்போ படிப்பே வேஸ்ட்டா?

செய்தி உண்மை. 2022-ஆம் ஆண்டுத் தரவுப்படி இந்தியாவில் 15 முதல் 29 வயதுப் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். 2023-இல் அமெரிக்காவில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இது அப்படியே தலைகீழ்: பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களிடம் 5.6, இளநிலைப் பட்டதாரிகளிடம் 2.2. வயது வரம்பு வேறு என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் திசை வேறு என்பது கண்கூடு.

முதல் காரணம், வேலையில்லாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும். தினக்கூலியில் பிழைக்கும் குடும்பத்துப் பையன் வேலை தேடிக்கொண்டே ஆறு மாதம் உட்கார முடியாது. கிடைத்த வேலைக்குப் போகிறான், வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. 2-ஆம் கேள்வியில் பார்த்த ஒரு மணி நேர விதிப்படி அவன் வேலையில் இருப்பவன். பட்டம் வாங்கியவருக்குப் பின்னால் சோறு போடும் குடும்பம் இருக்கிறது, அவர் தேடுகிறார். ஆகவே 3.4 என்ற எண்ணைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். அது பெரும்பாலும் வறுமையின் எண்.

இரண்டாவது காரணம் எதிர்பார்ப்பு. 1971-இல் பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கைக்குப் போன பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் குழு, படித்த இளைஞர் எதிர்பார்த்த வேலைக்கும் அங்கே இருந்த வேலைக்கும் இடையிலிருந்த இடைவெளியைத்தான் மையப் பிரச்சினையாகப் பார்த்தது. எகிப்து 1960-களில் பட்டதாரிகளுக்கு அரசு வேலை உறுதி என்று சட்டமே போட்டது. பட்டதாரிகள் பெருகப் பெருகக் காத்திருப்பு வருடக்கணக்கில் நீண்டது. சம்பளமும் பாதுகாப்பும் உள்ள வேலைகள் ஒரு பக்கம் கொஞ்சமாகவும் மற்ற வேலைகள் வெகு கீழேயும் இருந்தால், காத்திருப்பது அறிவுள்ள முடிவாகவே இருக்கும். சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பயனில்லை.

இதையும் சேர்த்துப் பாருங்கள்: இந்தியாவின் 2021–22 தரவில் 25 வயதுக்குக் கீழான பட்டதாரிகளிடையே வேலையின்மை 42 சதவீதம். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளிடையே ஐந்துக்கும் கீழ். படிப்பு வேஸ்ட் என்றால் இந்த இறக்கம் வந்திருக்காது. காத்திருப்பவர்கள் கடைசியில் ஏதோ ஒரு வேலையில் அமர்ந்துவிடுகிறார்கள். எந்த வேலையில் என்பது 13-ஆம் கேள்வி.

6. சரி, கிடைச்ச வேலைய எடுத்துக்கணுமா? நல்லது வரட்டும்னு காத்திருக்கணுமா?

ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாத காலம் நீள நீள, முதல் எட்டு மாதங்களில் நேர்காணல் அழைப்பு குறைந்துகொண்டே போனது, பிறகு அதே நிலையில் நின்றது. ஸ்வீடனில் செய்த இதே போன்ற சோதனையில் எப்போதோ வேலையில்லாமல் இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது ஒன்பது மாதத்துக்கு மேல் சும்மா இருப்பவரைத்தான் ஒதுக்கினார்கள், அதுவும் குறைந்த, நடுத்தரத் திறன் வேலைகளில். இதைப் படித்தால் கிடைத்ததை எடுத்துக்கொள் என்று தோன்றும். ஆனால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள், தகுதிக்குக் குறைந்த வேலையில் ஆரம்பித்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வதைக் கண்டார்கள். அது ஏணியாக இல்லை, பொறியாக இருந்தது.

என் கருத்தைக் கேட்டால்: சம்பளம் குறைவா என்று பார்க்காதீர்கள், துறை அதுதானா என்று பாருங்கள். கணக்கியல் படித்தவர் சிறிய அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்கு கணக்கு எழுதப் போவது வேறு, கால்சென்டரில் இரவுப் பணிக்குப் போவது வேறு. முதலாவது அடுத்த ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்க்கும். வீட்டு நிலைமையால் இரண்டாவதை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுங்கள், வேறு வழியில்லை. ஆனால் தேடலை நிறுத்திவிடாதீர்கள். மாட்டிக்கொள்பவர்களில் பலர் முதல் சம்பளம் வந்ததும் விண்ணப்பம் போடுவதை விட்டவர்கள்தான்.

7. டிகிரி நல்லதா, தொழிற்கல்வி நல்லதா?

முதல் வேலைக்கு மட்டும் என்றால் நல்ல தொழிற்பயிற்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜெர்மனியில் அப்ரண்டிஸாகச் சேரும் இளைஞர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, மாத ஊதியம் வாங்கிக்கொண்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்கும் மற்ற நாள் வேலைக்கும் போகிறார். இரண்டு முதல் மூன்றரை வருடம் இப்படிப் போகும். முடிவில் தேர்வு நடத்துவது அவரது நிறுவனம் இல்லை, அந்தப் பகுதியின் தொழில் வணிகச் சபை. அதனால் அந்தச் சான்றிதழை நாடெங்கும் உள்ள முதலாளிகள் நம்புகிறார்கள். 4-ஆம் கேள்வியில் சொன்ன திறமை, சமிக்ஞை இரண்டும் ஒரே சீட்டில் வந்துவிடுகின்றன. 2023-இல் ஜெர்மனியின் இளைஞர் வேலையின்மை 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது, ஸ்பெயினில் 28-க்கும் மேல்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஹனுஷெக், வோஸ்மன் உள்ளிட்டோர் பல நாடுகளை ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி கற்றவர்கள் இளமையில் முந்துகிறார்கள், வயதாக ஆக பொதுக்கல்வி கற்றவர்கள் வேலைவாய்ப்பில் அவர்களைத் தாண்டிப் போகிறார்கள் என்று தெரிந்தது. குறிப்பிட்ட இயந்திரத்தையோ முறையையோ கற்றவருக்கு, அந்த இயந்திரம் மாறும்போது அடி விழுகிறது.

பெயரளவில் தொழிற்கல்வி என்றிருந்து, நிறுவனத்தின் வாசலையே மிதிக்காமல் நான்கு சுவருக்குள் நடக்கும் படிப்புகளுக்கு இந்தப் பெருமை எதுவும் பொருந்தாது. சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி போதும்: எத்தனை மாதம், எந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பேன்?

8. எந்தக் கோர்ஸ் எடுத்தா சும்மா இருக்க வேண்டியது வராது?

செவிலியர், மருத்துவர் போல உரிமம் இல்லாமல் செய்ய முடியாத தொழில்களில் முதல் வேலைக்கான அபாயம் பொதுவாகக் குறைவு. அங்கே படிப்பும் வேலையும் ஒரே கோட்டில் இருக்கின்றன. கலை, சமூக அறிவியல் பட்டங்களுக்கு அப்படி நேர் கோடு இல்லாததால் முதல் வேலை அமையத் தாமதமாகிறது.

'இப்போ எதுக்கு டிமாண்ட்' என்று பார்த்துச் சேர்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970-களில் அமெரிக்கப் பொறியாளர் சந்தையை ஆராய்ந்தபோது கண்டது: சம்பளம் ஏறுகிறது, எல்லோரும் அதே படிப்பில் குவிகிறார்கள், நான்கு வருடம் கழித்து ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள், சம்பளம் சரிகிறது, அடுத்த ஆண்டு யாரும் சேர்வதில்லை, மறுபடி தட்டுப்பாடு. இன்றைய டிமாண்ட் உங்கள் அண்ணன் படித்த பேட்ச்சுக்கானது. இன்னொன்று: கணினி, பொறியியல் பட்டதாரிகள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், ஆனால் அந்த முன்னிலை வேகமாகக் கரைகிறது என்று டெமிங், நோரே இருவரும் 2020-இல் காட்டினார்கள். கற்ற மென்பொருள் பழசாகிறது, புதியதைக் கற்றுவந்த இளையவர் வாசலில் நிற்கிறார்.

9. கடைசி வருஷம் விட்டுட்டேன். மூணு வருஷம் படிச்சதுக்கு மதிப்பு இல்லையா?

கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: சந்தை உங்கள் மூன்று வருடத்தை முக்கால் பட்டமாக எண்ணுவதில்லை. படிப்பின் ஒவ்வொரு ஆண்டுக்கும் கூலி எவ்வளவு கூடுகிறது என்று வரைந்து பார்த்தால், பட்டம் முடியும் ஆண்டில் மட்டும் கோடு துள்ளுவதை 1980-களிலேயே கண்டிருக்கிறார்கள். வடிகட்டியில் 'பட்டம்: உண்டு, இல்லை' என்று இரண்டே கட்டங்கள். விட்ட பாடங்களை எழுதி முடிக்க வழி இருந்தால், நீங்கள் இப்போது செய்யக்கூடிய வேலைகளிலேயே அதிக லாபம் தருவது அதுதான்.

பள்ளி அளவில் இந்தத் துள்ளல் அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவில் பள்ளி இறுதித் தேர்வில் மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டபோது பிற்கால வருமானத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

10. படிக்காமலே நல்லா சம்பாதிக்கிறானே என் ஃபிரண்டு?

சம்பாதிக்கலாம், பொருளாதாரம் ஓடும்வரை. 2000-களில் ஸ்பெயினில் கட்டுமானத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. கை நிறையக் கூலி. 18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் மேல்நிலைப் பள்ளியை முடிக்காமலே வெளியேறியிருந்தார். 2008-இல் குமிழி உடைந்தது, கட்டடங்கள் பாதியில் நின்றன. 2013-இல் அந்நாட்டு இளைஞர் வேலையின்மை 55 சதவீதத்தைத் தாண்டியது. பட்டதாரிகளும் அடிபட்டார்கள்தான், ஆனால் குறைவாகப் படித்தவர்கள் அளவுக்கு இல்லை. பலர் மறுபடி பள்ளிக்கூடம் தேடிப் போனார்கள்.

11. நாங்க முடிக்கிற வருஷம் பார்த்து மார்க்கெட் டல்லு. எங்க தலையெழுத்து அவ்ளோதானா?

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது, தழும்பு இருக்கும். கனடாவின் கல்லூரிப் பட்டதாரிகளை இருபது ஆண்டுத் தரவில் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், மந்தநிலையில் வெளியே வந்தவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது. அந்த இழப்பு ஐந்து வருடத்தில் பாதியாகி, பத்து வருடத்தில் மறைந்தது. மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் தெரியுமா? சின்ன நிறுவனத்தில் ஆரம்பித்து, நிலைமை தெளிந்ததும் மெல்ல மெல்லப் பெரிய நிறுவனங்களுக்கு மாறினார்கள்.

மாற முடியாத அமைப்பில் காயம் ஆறுவதில்லை. ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் படிப்பை முடிக்கும் ஆண்டிலேயே மாணவர்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அந்த ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது இல்லை. 1990-களின் நடுவிலிருந்து 2000-களின் நடுவரை வெளியே வந்தவர்களை அங்கே 'உறைபனிக் காலத் தலைமுறை' என்கிறார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை தேடித்தர ஜப்பானிய அரசு 2019-இல் தனித் திட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குள் அவர்களில் பலருக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது.

12. வேலை கிடைக்கல, அதனால மாஸ்டர்ஸ் சேரலாம்னு இருக்கேன். சரியா?

மந்தநிலையில் உயர்கல்விச் சேர்க்கை கூடுவது பல நாடுகளில் பார்த்த விஷயம். ஒதுங்கி நிற்பதற்காக என்றால் தப்பில்லை, ரெஸ்யூமேயில் ஓட்டை விழாது. ஆனால் எல்லோரும் அப்படி ஒதுங்கினால் இரண்டு வருடம் கழித்து எல்லோரும் சேர்ந்தே வெளியே வருவீர்கள். 8-ஆம் கேள்வியின் கதைதான். முதல் பட்டத்தில் வேலை ஏன் கிடைக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்து, அந்தக் குறையை இந்த இரண்டு வருடம் நிரப்பும் என்றால் சேருங்கள். கடன் வாங்கிச் சேர்வதாக இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

13. இன்ஜினியரிங் முடிச்சு டெலிவரி வேலை பாக்குறான். அவனை வேலையில்லாதவன்னு சொல்லலாமா?

கணக்குப்படி அவர் வேலையில் இருப்பவர், அதுவும் முழுதாக. தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்களை வேலையின்மை விகிதம் பிடிக்காது. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, அந்நாட்டின் 22 முதல் 27 வயதுப் பட்டதாரிகளைத் தனியாகக் கண்காணிக்கிறது. அவர்களில் பத்தில் நான்கு பேர் பட்டம் தேவைப்படாத வேலையில் இருக்கிறார்கள். பணக்கார நாட்டில் இப்படி. வேலையின்மைக்கான காப்பீடு எதுவும் இல்லாத நாடுகளில் படிப்பின் பலன் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒழுகிப் போகிறது.

14. எல்லாரும் டிகிரி வாங்கிட்டா அதுக்கு என்ன மதிப்பு?

4-ஆம் கேள்வியில் சொன்ன தரோவின் வரிசைதான் பதில். பத்தில் ஒருவரிடம் பட்டம் இருந்தபோது அது உங்களை முன்னால் நிறுத்தியது. பத்தில் ஏழு பேரிடம் இருந்தால், இல்லாதவரைப் பின்னால் தள்ளுகிறது. தென்கொரியாவில் 25 முதல் 34 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் பேர் உயர்கல்வி முடித்தவர்கள். போட்டி இப்போது எந்தப் பல்கலைக்கழகம், எந்த நிறுவனம் என்று மாறிவிட்டது, அரசுத் தேர்வுக்காக வருடக்கணக்கில் படிப்பவர்கள் ஏராளம்.

நாட்டுக்கு நல்லதா என்பதும் தனி ஒருவருக்கு நல்லதா என்பதும் இங்கே பிரிகின்றன. கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்றால் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது, ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவுமே தெரியாது. அதனால்தான் மதிப்பு குறையக் குறையப் பட்டத்தின் தேவை கூடுகிறது. முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

15. சிபாரிசு இல்லாம முதல் வேலை கிடைக்காதுன்னு சொல்றாங்களே?

மிகைதான், ஆனால் நெருப்பில்லாமல் புகையாது. எல்லாம் முறைப்படி நடக்கும் என்று பெயரெடுத்த ஸ்வீடனிலேயே இளைஞர்களின் முதல் நிலையான வேலையைப் பார்த்தார்கள். தாயோ தந்தையோ வேலை பார்க்கும் இடத்திலேயே சேர்ந்தவர்கள் கணிசம். இந்த உதவி குறைவாகப் படித்தவர்களுக்கும் வேலையின்மை அதிகமான காலத்திலும்தான் கூடுதலாகப் பலித்தது. அதாவது சான்றிதழ் பேசாத இடத்தில் தெரிந்தவர் பேசுகிறார். குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்தவருக்கு அந்தத் துறையில் பேச யாருமில்லை. ஒரே பட்டம் இரண்டு பேரிடம் வெவ்வேறு விதமாக வேலை செய்வதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்டர்ன்ஷிப்பை நான் வலியுறுத்துவதும் இதனால்தான். உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவர் கிடைக்கிறார், அவர் உங்களுக்காகப் பேசுவார்.

16. ஏஐ வந்துதான் புதுசா முடிச்சவங்களுக்கு வேலை இல்லாம போச்சா?

பழியில் ஒரு பங்கு இருக்கலாம், முழுவதும் இல்லை. அமெரிக்காவில் புதிய பட்டதாரிகளின் வேலையின்மை மற்ற தொழிலாளர்களைவிடக் குறைவாக இருப்பதுதான் நெடுங்கால வழக்கம். அந்த வழக்கம் முறிந்தது சாட்ஜிபிடி வெளிவந்த 2022 நவம்பருக்கு முன்பே. ஆட்குறைப்பு என்றால் எங்கும் முதலில் நிற்பது புதிய ஆள் எடுப்பு, ஏனென்றால் இருப்பவரை அனுப்புவதைவிட வராதவரை எடுக்காமல் இருப்பது எளிது. காரணம் எதுவானாலும் முதல் அடி வாசலில் நிற்பவருக்குத்தான்.

17. காலேஜ்ல 95 சதவீதம் பிளேஸ்மென்ட்னு போர்டு வெச்சிருக்காங்க. நம்பலாமா?

2-ஆம் கேள்விக்குத் திரும்புங்கள்: எதை எதால் வகுத்தார்கள்? பல இடங்களில் கீழே இருப்பது படித்து முடித்த எல்லோரும் இல்லை, பிளேஸ்மென்டுக்குப் பதிவு செய்யத் தகுதி பெற்றவர்கள் மட்டும். பாடம் நிலுவையில் உள்ளவர்கள், மதிப்பெண் குறைந்தவர்கள் முதலிலேயே கழிக்கப்பட்டிருப்பார்கள். மேலே இருப்பதும் சில நேரம் ஆட்கள் இல்லை, ஆஃபர் கடிதங்கள். ஒரே மாணவர் மூன்று கடிதம் வாங்கினால் மூன்றாகிவிடும். கடிதம் வந்தும் சேரச் சொல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கப்பட்டவர்களும் அதில்தான் இருப்பார்கள்.

எண்ணைத் திருத்தாமல் வரையறையை மாற்றினாலே போதும் என்பதற்கு நாடு அளவிலும் உதாரணம் உண்டு. சீனாவில் 16 முதல் 24 வயதினரின் நகர்ப்புற வேலையின்மை 2023 ஜூனில் 21.3 சதவீதம். ஆகஸ்டில் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் மாணவர்களை நீக்கிய புதிய கணக்கோடு திரும்பி வந்தபோது 14.9. மாணவர்களை நீக்குவதில் நியாயம் இருக்கலாம், ஆனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

கல்லூரியில் கேட்க வேண்டியவை இவை: போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இப்போது வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனை பேர், அந்த வேலைகள் என்ன. அதிகபட்சச் சம்பளத்தைச் சொன்னால் கேட்டுக்கொண்டு, நடுவில் இருக்கும் மாணவரின் சம்பளத்தைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், இரண்டு வருடம் முன்பு முடித்த நான்கு பேரை நீங்களே கண்டுபிடித்துப் பேசுங்கள். போர்டில் சிரிக்கிறவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள்.